பலகை எங்கே என்று கேட்கலாம்

சாலையில் வண்டியை மிக மெதுவாக ஓட்டினாலும் போலீஸ் நிறுத்தலாம், அபராதம் போடலாம் என்று சொல்வதோடு நான் படித்த ஒரு கட்டுரை நின்றுவிட்டது. நிறுத்தலாம், சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 130-ஆம் பிரிவின்படி சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்டத்தான் வேண்டும்; அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருப்பதே போதும். ஆனால் குறைந்தபட்ச வேகம் என்பது எல்லா ரோட்டுக்கும் கிடையாது. 112-ஆம் பிரிவுப்படி அரசோ அதிகாரம் பெற்றவர்களோ அதை நிர்ணயித்து, சாலையில் வேகப் பலகையும் வைத்திருக்க வேண்டும். எந்தப் பலகை என்று மரியாதையாகக் கேளுங்கள்.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடு வண்டி ஊர்ந்துதான் ஏறும். பெருந்துறைப் பக்கம் மஞ்சள் மூட்டையோடு வரும் டிராக்டரும் அப்படித்தான். அந்த ஓட்டுநர்களுக்கு இதை யார் சொல்கிறார்கள்? (பைபாஸில் வலது லேனை அடைத்துக்கொண்டு ஊர்பவரைக் கேள்வி கேட்பது வேறு, அது நியாயம்தான்.)

அப்புறம் முக்கியமானது: போலீஸ் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால், 206-ஆம் பிரிவுப்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். லைசென்ஸ் திரும்பி வரும்வரை, அல்லது சீட்டில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதிவரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை அதை வைத்தே ஓட்டலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல உரிமை உண்டு. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.