ஹன்னா ஆரண்ட் யாருடைய காதலி என்பதுதான் முதல் வரியா?

ஞாயிற்றுக்கிழமை நடந்த தத்துவ உரையில், ஜெர்மன்-யூத அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரண்டை, ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரின் காதலி என்று அறிமுகப்படுத்தியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ஒருவர் உள்பெட்டிக்கு வந்து, "ஒரு வார்த்தைக்கா மேடம் இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

ஒரு வார்த்தை இல்லைங்க. போருக்குப் பிந்தைய தத்துவம் என்று தலைப்பு வைத்த உரை. சார்த்தர் என்றதும் இருத்தலியம் வந்தது. அதோர்னோ என்றதும் பண்பாட்டு விமர்சனம் வந்தது. ஆரண்டின் முறை வந்ததும் முதல் வரியே "ஹைடெக்கரின் காதலி". அப்புறம் கடிதங்கள், பிரிவு, "காவியக் காதல்". அவர் எழுதிய ஒரு புத்தகத்தின் பெயர்கூட வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அவர் என்ன சிந்தித்தார் என்பதை முதலில் சொல்லுங்கள்.

காவியம் என்கிறீர்களே, 1924-இல் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெண்ணுக்கு வயது 18. ஹைடெக்கருக்கு 35. மணமானவர், இரண்டு பிள்ளைகள், அவளுக்கு ஆசிரியர் வேறு. 1926-இல் ஆரண்ட் அந்த ஊரை விட்டுப் போய், ஹைடல்பெர்கில் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸிடம் முனைவர் பட்டத்துக்கு எழுதினார். 1933-இல் ஹைடெக்கர் நாஜிக் கட்சிக்காரர், ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைவர். அதே ஆண்டு பெர்லினில் ஆரண்டை நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்துக்கொண்டு போனது. நூலகத்தில் உட்கார்ந்து யூத வெறுப்புப் பிரசாரங்களைத் திரட்டியதுதான் அவர் செய்த குற்றம். வெளியே வந்ததும் கையில் ஆவணம் எதுவும் இல்லாமல் எல்லை தாண்டினார். பாரிஸ், 1940-இல் பிரான்சின் கூர்ஸ் தடுப்பு முகாம், 1941-இல் நியூயார்க். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1951-இல். 18 ஆண்டுகள் எந்த நாடும் தன்னுடையவள் என்று சொல்லாத மனுஷி அவர்.

அந்த 1951-இல்தான் 'சர்வாதிகாரத்தின் தோற்றுவாய்கள்' வந்தது. மனிதனாகப் பிறந்தாலே உரிமைகள் உண்டு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாடு, சட்டம், குடியுரிமை எல்லாம் போய், 'மனிதன்' என்பது மட்டும் மிஞ்சி நின்றவனுக்கு ஏன் அந்த உரிமைகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை? இதைத்தான் ஆரண்ட் கேட்டார். ஆகவே எல்லா உரிமைகளுக்கும் முன்னால் ஓர் உரிமை வேண்டும் என்றார். நம் சொல்லும் செயலும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் ஒரு சமூகத்தில் இடம் பெறும் உரிமை அது. உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை. இன்றைக்கு உலகத்தில் அகதி, குடியுரிமை என்று யார் வாய் திறந்தாலும் இந்தச் சிந்தனையைத் தொடாமல் தாண்ட முடியாது. இதைச் சொல்ல அந்த மேடையில் இரண்டு நிமிடம் இல்லையா?

"உறவு இருந்தது உண்மைதானே?" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது பரவலாகத் தெரிய வந்தது 1982-இல் வெளியான ஆரண்டின் வாழ்க்கை வரலாற்றின் வழியாக. ஆரண்ட் இறந்தது 1975-இல். அதுவரை அவரைப் படித்தவர்களில் பெரும்பாலோர் அந்த உறவு தெரியாமல்தான் படித்தார்கள். அவர்களுக்கு ஆரண்ட் புரியாமலா போனார்?

"ஹைடெக்கரின் தாக்கம் இல்லையா?" இருக்கிறது. தாராளமாகப் பேசுவோம். அவர் மனித இருப்பை மரணத்தை முன்வைத்துப் பார்த்தார். ஆரண்ட் 1958-இல் பிறப்பை முன்வைத்தார். ஒவ்வொரு பிறப்போடும் புதிதாக ஒன்று தொடங்க முடியும், அரசியல் செயல்பாடு சாத்தியமாவதே அதனால்தான் என்றார். ஆசிரியருக்கு மாணவி சொன்ன பதில் இது. இதைப் பேசுங்கள், விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறேன்.

போருக்குப் பிறகு ஹைடெக்கரை மறுபடி சந்தித்தார், அவரது 80-ஆவது பிறந்தநாளுக்குப் பரிவோடு எழுதினார் என்பதெல்லாம் எனக்கும் உறுத்துகிறது. அதுவும் ஹைடெக்கரைப் பற்றிய கேள்விதான்.

விமர்சிக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டும் படித்த பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்ததைப் பற்றி 1959-இல் அவர் எழுதியது மோசமான கட்டுரை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எதற்குத் துணிந்தார்கள் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் மறுத்தார். அவர் சொன்னதை ஏற்று ஆரண்ட் அவருக்கே கடிதம் எழுதினார். அதை எடுத்துத் திட்டுங்கள். திட்டுவதற்காவது அவர் எழுதியதைப் படித்திருக்க வேண்டுமே.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் ஆரண்ட் பற்றிக் கட்டுரை வாசித்தேன். மாதக்கணக்கில் உழைத்து எழுதியது. மேடையில் என்னை அறிமுகப்படுத்தியவர் என் கணவரின் பெயர், அவருடைய பதவி, அவர் எழுதிய நூல்கள் எல்லாவற்றையும் சொல்லி, "அவரது துணைவியார்" என்று முடித்தார். என்னைப் பற்றிய குறிப்பை அவர்கள் என்னிடம் கேட்கவே இல்லை, வீட்டுக்காரருக்குப் போன் செய்து வாங்கியிருந்தார்கள். என் கணவர் ஆரண்டை ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அன்றைக்கு எழுந்துபோய் மைக்கைப் பிடித்தபோது முதல் பத்தியை வாசிக்க எனக்குக் குரல் வரவில்லை.

"பெண் என்பதால் சலுகை கேட்கிறீர்கள்" என்று இங்கேயும் யாராவது வருவார்கள். என்ன சலுகை? சார்த்தருக்குக் கொடுத்ததைக் கேட்கிறேன். 1929-இல் பிரான்சின் தத்துவ ஆசிரியர் தகுதித் தேர்வில் சார்த்தர் முதலிடம், பின்னாளில் பெண்ணியச் சிந்தனையாளராக அறியப்பட்ட, அப்போது 21 வயதான சிமோன் தி பூவா இரண்டாமிடம். சார்த்தர் அதற்கு முந்தைய ஆண்டு அதே தேர்வில் தோற்றவர். "பூவாவின் காதலர்" என்று சார்த்தரை எந்த மேடையிலாவது தொடங்கிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. பூவாவை மட்டும் எத்தனை முறை அப்படிக் கேட்டாயிற்று! அவரும் ஆரண்டும் ஒரு நூற்றாண்டின் சிந்தனையையே திருப்பிப் போட்டவர்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், நம் ஊரில் இப்போது எழுத உட்காரும் இருபது வயதுப் பெண் எதை நம்பி உட்காருவாள்?

அந்த உரையின் காணொளியை நீக்கச் சொல்லவில்லை. பேசியவர் மீது தனிப்பட்ட பகையும் கிடையாது. 'தோற்றுவாய்கள்' நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தைச் சேர்ந்து வாசிக்கலாம் என்று இருக்கிறேன். தேசிய அரசின் வீழ்ச்சி, மனித உரிமைகளின் முடிவு பற்றிய அத்தியாயம் அது. வர விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள், எல்லோருக்கும் தோதான ஒரு நேரம் வைத்துக்கொள்வோம். அந்த உரையை நிகழ்த்தியவரும் வரலாம்.