2022இல் வந்தது திருத்தம், நீக்கம் அல்ல
இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 2022ஆம் ஆண்டே நீக்கப்பட்டுவிட்டதாக மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். வாழைச்சேனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் சிலர் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். கோவிக்காதீங்க அண்ணன், அது சரியில்லை. அந்த வருடம் மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது ஒரு திருத்தச் சட்டம். வழக்கில்லாமலே தடுத்து வைக்கும் தடுப்புக் கட்டளையில் ஒருவரை வைத்திருக்கக்கூடிய ஆகக்கூடிய காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. வேறு சில மாற்றங்களும் வந்தன. ஆனால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் 16ஆம் பிரிவு அப்படியே இருந்தது. பிள்ளைகளைத் தடுப்பில் பார்த்த தாய்மாருக்கு அந்தப் பிரிவின் கனம் தெரியும்.

1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்த 'தற்காலிக' சட்டம் இது. 1982இல்தான் அந்தக் கால எல்லையை எடுத்தார்கள்.

நீங்களே பார்க்கலாம். நாடாளுமன்ற இணையத்தளத்தில் சட்டங்கள் தமிழிலும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தைத் திறந்தால் தலைப்பிலேயே 'திருத்தம்' என்று இருக்கும். போனில் வாசிக்கக் கஷ்டமென்றால், தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடமோ, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்களிலோ கேளுங்கள்.