குப்பை வரி கட்டின ரசீதும் வீட்ல, குப்பையும் வீட்ல

இன்னியோட ஒம்போது நாள் ஆச்சு எங்க தெருவுல குப்பை வண்டி விசில் சத்தம் கேட்டு. ஊர் பேரு சொல்லல, சொன்னா நாளைக்கே வாசல்ல வந்து நிப்பாங்க. காவிரி டெல்டாவுல ஏதோ ஒரு நகராட்சின்னு வச்சுக்கோங்க, பக்கத்து ஊர்க்காரங்க படிச்சாலும் "அட நம்ம ஊரு"ன்னுதான் சொல்லுவாங்க.

குப்பை அள்ளுறவங்க ஸ்ட்ரைக்கு ஆரம்பிச்சது தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி. நேரத்தைப் பாருங்க. வருஷத்துலயே குப்பை அதிகம் சேர்ற வாரம் அது. துணிக்கடை கவரு, ஸ்வீட் டப்பா, பட்டாசு பேப்பரு, தலைதீபாவளி வீட்டு வாழை இலை, மறுநாள் கறி எடுத்த வீட்டு எலும்பு, எல்லாம் தெருமுனைக்கு வந்துருச்சு. அதுக்கு மேல ஐப்பசி அடைமழை. பட்டாசு பேப்பர் நனைஞ்சு கூழாகி ரோடெல்லாம் குங்குமம் கரைச்ச மாதிரி ஓடுது, அதுல செருப்பு வழுக்கி பக்கத்து வீட்டு மாமா விழுந்து கையில கட்டு. மூணாவது நாள் புளிச்ச வாடை வந்துச்சு, அஞ்சாவது நாள் புழு, ஏழாவது நாள்லேர்ந்து வாடையே தெரியல, மூக்கு செத்துப்போச்சு. வெளியூர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்க முந்தானையால மூக்கைப் பொத்திட்டு உள்ள வந்தப்பதான் ஓ இன்னும் நாறுதுபோலன்னு ஞாபகம் வந்துச்சு.

இதுல எங்க நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. பச்சப்புள்ள, ஒரு நாளைக்கு ஏழெட்டு டயப்பர். கணக்கு போட்டுக்கோங்க. காய்கறித் தோலை மாடு தின்னும், சோத்தை நாய் தின்னும், டயப்பரை யாரு திங்குறது? பேப்பர்ல சுத்தி கவர்ல கட்டி மொட்டைமாடில வச்சோம், காக்கா கிழிச்சு எதிர்வீட்டு கொடியில போட்டுருச்சு, அவங்க வந்து கத்தினாங்க, நானும் கத்தினேன், பதிமூணு வருஷமா ஒரு வார்த்தை கூடக் குறைய பேசாதவங்க நாங்க.

தெருமுனையில முன்னாடி ஒரு பெரிய இரும்புத் தொட்டி இருந்துச்சு. நாறும்தான், ஆனா இருந்துச்சு. அதைத் தூக்கிட்டு "குப்பைத்தொட்டி இல்லா நகரம்"னு போர்டு வச்சாங்க. வீடு வீடா வந்து வாங்குவோம் தொட்டியே தேவையில்லைன்னாங்க, சரிதான்னு தலையாட்டினோம். இப்ப வாங்க ஆளு வரலன்னா எங்கதான் போடுறது? அந்த போர்டுக்கு அடியிலதான். போர்டுல "இல்லா"ங்கிறது குப்பைக்குள்ள முங்கிருச்சு, "நகரம்" மட்டும் வெளிய தெரியுது.

சரி விஷயத்துக்கு வர்றேன். எனக்கு வயிறு எரியறது இந்த ரசீதைப் பாத்துதான். 2022-ல சொத்து வரியை ஏத்துனாங்களே, 600 சதுர அடிக்கு உள்ள 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கும் மேல 100. நாங்க ஐம்பதுல மாட்டினோம். அது ஜீரணமாகறதுக்குள்ள 2024-ல மறுபடி 6 சதவீதம். அது போதாதுன்னு தனியா திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம், பேரைப் பாருங்க, குப்பை வரின்னு சொன்னா கேவலமா இருக்குமாம். லேட்டானா மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி. ஒரு நாள் விடாம கட்டியிருக்கோம். வரி கட்டலன்னா குழாயைப் புடுங்க வர்றாங்க, நாங்க யாரைப் போய் எதைப் புடுங்குறது?

நாலாவது நாள் ஆபீஸுக்குப் போனேன். உள்ள இருந்தவரு ஃபேனுக்குக் கீழ உக்காந்துகிட்டு "அது கான்ட்ராக்டர் பிரச்சினைம்மா, எங்க ஆளுங்க இல்ல"ன்னாரு. கான்ட்ராக்டரோட சூப்பர்வைசருக்குப் போன் போட்டா "நகராட்சில பில் பாஸ் ஆகலைங்க, நாங்க எங்கேர்ந்து குடுக்குறது"ங்கிறாரு. திரும்ப ஆபீஸ்ல கேட்டா "டெண்டர்ல முதல் மூணு மாசத்தை அவங்கதான் சமாளிக்கணும்". ஐயா எனக்கு ஒண்ணுதான் புரியல. என் ரசீதுல அந்தக் கான்ட்ராக்டர் பேரு எங்கயாவது இருக்கா? நான் அவருகிட்டயா பணம் கட்டினேன்? பணம் வாங்கும்போது நீங்க நகராட்சி, குப்பை அள்ளும்போது மட்டும் அவரு யாரோ நீங்க யாரோவா?

வெளிய வந்தா கேட்டுக்கு எதிர்க்க ஷாமியானா போட்டு எல்லாரும் உக்காந்திருக்காங்க. எங்க தெருவுக்கு வர்ற அக்காவும் இருந்துச்சு. நாலு கேள்வி கேக்கணும்னுதான் போனேன், பச்சப்புள்ள வச்சிருக்க வீடுன்னு தெரியும்ல உனக்குன்னு. அது எந்திரிச்சு சேலையை உதறிகிட்டு சொல்லுது, "பாப்பா, மூணு மாசமா சம்பளம் இருபது தேதி ஆகுது. பிஎஃப்னு பிடிக்கிறாங்க, நம்பரு கேட்டா வாய் தொறக்க மாட்டேங்கிறாங்க. போனஸ்னு சொல்லி ஒரு ஸ்வீட் டப்பா குடுத்தாங்க. அந்த டப்பாவையும் நான்தான நாளைக்கு அள்ளணும்?" நான் என்னத்தைச் சொல்ல. துப்புரவுப் பணியாளர்னு சொல்லாதீங்க தூய்மைப் பணியாளர்னு சொல்லுங்கன்னு பேரை மட்டும் மாத்தினாங்க, கையுறை கேட்டா இன்னும் வரலையாம்.

ஆனா ஒண்ணு, அவங்க மேலயும் எனக்குக் கோவம் இருக்கு, இல்லன்னு பொய் சொல்லல. ஆறாவது நாள் எங்க தெருக்காரங்க ஆளுக்கு நூறு ரூபா போட்டு ஒரு டிராக்டர் பேசி வரவழைச்சோம், பாதி அள்ளினதுமே வந்து மறிச்சு நிறுத்திட்டாங்க. அள்ளின பாதியையும் அங்கயே கொட்டிட்டு அவன் போயிட்டான். அவங்க நியாயம் புரியுது, நாங்க ஆள் வச்சு அள்ளிகிட்டா அவங்க போராட்டம் பிசுபிசுத்துரும். புரிஞ்சா மட்டும் நாத்தம் போயிருமா?

எங்க வீட்டுக்காரரு நியூஸ் பாத்துட்டு நீட்டி முழக்குவாரு, சென்னையில 2025 ஆகஸ்ட்ல மாநகராட்சி ஆபீஸ் ரிப்பன் பில்டிங் வாசல்ல தூய்மைப் பணியாளருங்க 13 நாள் உக்காந்தாங்களே, ராயபுரம், திரு.வி.க. நகர் ரெண்டு மண்டலத்தையும் தனியாருக்குக் குடுக்கக்கூடாதுன்னு, கடைசில நடுராத்திரில தூக்கிட்டுப் போனாங்களே, அங்கயே அப்படின்னா இந்த ஊர்ல யாரு கேக்கப் போறான்னு. எங்க சித்தப்பா பையன் பர்மிங்ஹாம்ல இருக்கான், அவன் போன்ல "அக்கா இங்கயும் 2025 மார்ச்லேர்ந்து ஸ்ட்ரைக்கு, 17,000 டன் ரோட்ல கெடந்துச்சு, பூனை சைஸுக்கு எலி"ன்னு ஆறுதல் சொல்றான். அந்த ஊர் கவுன்சில், அதான் அவங்க மாநகராட்சி, 2023-லயே கையில காசில்லன்னு எழுதிக் குடுத்துருச்சாம். அதுவாவது கைய விரிச்சிருச்சுடா, இங்க காசில்லன்னு எவனும் சொல்லலயே, காசு வாங்கலன்னும் சொல்லலயே. இதுல வெள்ளக்காரன் ஊரே நாறுதுன்னா எனக்கென்ன, என் வீட்டு வாசல் மணக்கவா போகுது?

ஆப்ல புகார் போடச் சொன்னாங்க. போட்டோ எடுத்து போட்டேன். ரெண்டு மணி நேரத்துல "தங்கள் புகார் தீர்வு காணப்பட்டது"ன்னு மெசேஜ். வாசல்ல எட்டிப் பாத்தேன், தீர்வு மேல ஒரு நாய் படுத்திருந்துச்சு.

எட்டாவது நாள் கொசுப்புழு பாக்குறவங்க மட்டும் கரெக்டா வந்துட்டாங்க. ஃப்ரிட்ஜ் பின்னாடி ட்ரேயைப் பாத்தாங்க, கொல்லையில தேங்காய் சிரட்டை கெடந்ததைப் பாத்தாங்க, அடுத்த தடவை தண்ணி நின்னா ஃபைன்னு சொன்னாங்க. ஏங்க, தெருமுனையில ஆயிரம் சிரட்டை கெடக்கே, அதுக்கு யாருக்கு ஃபைன்னு கேட்டா "அது எங்க செக்‌ஷன் இல்லம்மா". அன்னிக்கு சாயங்காலம் எவனோ அந்தக் குவியல்ல நெருப்பு வச்சுட்டான், நனைஞ்ச குப்பை எரியவும் இல்ல அணையவும் இல்ல, ராத்திரி முழுக்க கம்முனு புகை, புள்ளைக்கு இருமல். திறந்த வெளியில எரிச்சா 5,000, மொத்தமா எரிச்சா 25,000 ரூபா அபராதம்னு பசுமைத் தீர்ப்பாயம் 2016-லயே சொல்லியாச்சு. யாரு யாருகிட்ட வசூல் பண்றது?

இப்ப ஒரு உண்மையைச் சொல்றேன், திட்டணும்னா திட்டிக்கோங்க. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு எங்க வீட்டுக்காரரு அந்த டயப்பர் மூட்டையைத் தூக்கிகிட்டு திருடன் மாதிரி போயி வாய்க்கால்ல போட்டுட்டு வந்தாரு. நான்தான் போகச் சொன்னேன். அங்க ஏற்கெனவே நாலு பேரு ஆளுக்கொரு மூட்டையோட நின்னாங்களாம், ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கலையாம். அந்த வாய்க்கால் எங்க போகுது தெரியுமா, கிழக்கால போயி நடவு வயல்ல பாயுது. எங்க நாத்தனார் மாமனார் வீட்டு நிலம் அந்தப் பக்கம்தான், இப்பதான் சம்பா நட்டிருக்காங்க. காலைல அவரு போன் பண்ணி பேத்தி எப்படி இருக்கான்னு கேட்டுட்டு "ஏம்மா, மடையில ஒரே டயப்பரா வந்து அடைச்சிருக்கு, உங்க ஊர்ல என்னதான் பண்றாங்க"ங்கிறாரு. பேத்தியோடதுதான் மாமான்னு சொல்லவா முடியும்? நாத்தனார் என்னைப் பாக்குறா, நான் அவளைப் பாக்குறேன்.

எங்க மாமியார் சொல்றாங்க, அந்தக் காலத்துல கொல்லையில எருக்குழி இருந்துச்சு, சாணி, இலை, சாம்பல் எல்லாம் அதுலயே போகும், வருஷம் ஒரு தடவை வண்டி கட்டி வயலுக்குப் போகும்னு. இருந்துச்சு அத்தை, அதை மூடி சிமெண்டு பூசி வாடகைக்கு ஒரு போர்ஷன் கட்டினதே நீங்கதான. அந்தப் போர்ஷனுக்கும் தனியா குப்பை வரி கட்டுறோம்.

இதை டைப் பண்ணிகிட்டு இருக்கும்போதே ஸ்பீக்கர் கட்டின ஆட்டோ ஒண்ணு தெருவுக்குள்ள வந்துச்சு. ஸ்ட்ரைக்கு முடிஞ்சிருச்சுன்னு சொல்லப் போறாங்கன்னு கையில இருந்ததைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடினேன். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு, இரண்டாம் அரையாண்டு சொத்து வரியை அக்டோபர் 31-க்குள் செலுத்தி 5 சதவீத ஊக்கத்தொகை பெற்றிடுவீர்." தெருமுனை வரைக்கும் போச்சு, அந்தப் பக்கம் போக வழி இல்ல, குப்பை. அறிவிப்பை நிறுத்தாமலே அப்படியே ரிவர்ஸ்ல வந்து போயிருச்சு.