எழுதுறியா, கம்ப்யூட்டர் வேலையா?

நேத்து பழைய நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "நீ இப்போ என்னதான்யா பண்ற, எழுதுறியா இல்ல கம்ப்யூட்டர் வேலையா"ன்னு கேட்டாரு. பேப்பர்ல சப் எடிட்டரா சேந்து, டிவில கொஞ்ச நாள் ஸ்கிரிப்ட் எழுதி, அப்புறம் வெப்சைட் பக்கம் வந்தவன் நான், இந்தக் கேள்வி எனக்குப் புதுசில்ல. ஒரு எடத்துல நிக்கத் தெரியாதவன்னு சொல்றாப்ல ஒரு தொனி இருக்கும் அதுல.

அவர்கிட்ட ஏட்ரியன் ஹொலோவாட்டி கதையச் சொன்னேன். மிசோரி யுனிவர்சிட்டில ஜர்னலிசம் படிச்ச ஆளு. அமெரிக்காவுல கேன்சஸ் மாநிலத்துல லாரன்ஸ்னு ஒரு ஊரு, அங்க லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டுன்னு லோக்கல் பேப்பர், 2003ல அதோட வெப் டீம்ல இவரும் இங்கிலாந்துலேர்ந்து வந்த சைமன் வில்லிசனும். நியூஸ் டெஸ்க்ல எப்டின்னு தெரியும்ல, காலைல ஐடியா சொல்லிட்டு சாயங்காலமே சைட்ல வேணும்பாங்க. ஒவ்வொரு வாட்டியும் மொதல்லேர்ந்து எழுத முடியாதுன்னு, வெப்சைட் கட்டுறப்போ திரும்பத் திரும்ப வர்ற வேலையெல்லாம் பைதான்ங்கிற கம்ப்யூட்டர் மொழில பொதுவா எழுதி வெச்சாங்க, அதத்தான் 2005 ஜூலைல ஜாங்கோன்னு பேர் வெச்சு ஊருக்கே ஃப்ரீயா விட்டாங்க. இன்ஸ்டாகிராம கட்டுனது அதுலதான். தெனம் ஜாங்கோல கோட் அடிக்கிற நம்ம பசங்க எத்தன பேருக்கு அது பேப்பர் ஆபீஸ்ல பொறந்த கொழந்தன்னு தெரியும்? அதுல ரெடியா வர்ற அட்மின் பேஜ் இருக்கே, கோட் தெரியாத டெஸ்க் ஆளும் தானே உள்ள போயி விவரம் ஏத்தலாம். நியூஸ் ரூம்ல உக்காராதவனுக்கு அது தோணியிருக்காதுங்கிறது என் கட்சி.

2006ல ஹொலோவாட்டி ஒரு கட்டுரை எழுதுனாரு. ஒரு தீ விபத்து நியூஸ்ல தேதி, நேரம், எடம், பாதிக்கப்பட்டவங்க, ஃபயர் சர்வீஸ் வர எவ்ளோ நேரமாச்சுன்னு எல்லாம் இருக்கு, ஆனா நாம அதையெல்லாம் ஒரே பத்தியில கொழச்சு ஊத்திடுறோம், தனித்தனியா சேத்து வெச்சா பின்னாடி எவ்ளோ கேள்வி கேக்கலாம்னாரு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. எங்க டெஸ்க்ல "இந்த மார்க்கெட்ல இதுக்கு முன்னாடி எப்போ தீப்புடிச்சுது"ன்னு எடிட்டர் கேட்டா, பைண்ட் பண்ண பழைய பேப்பர் கட்ட எறக்கி தூசி தட்டி பொரட்டிட்டு உக்காந்திருப்போம், அதே சேதிய நாங்கதான் எழுதியிருப்போம்!

சும்மா சொல்லிட்டுப் போகல, செஞ்சும் காட்டியிருக்காரு, 2005லயே சிகாகோ போலீஸ் வெளியிடுற குற்ற விவரங்கள எடுத்து கூகுள் மேப் மேல ஒட்டி, உன் தெருவுல என்ன நடந்துச்சுன்னு பாத்துக்கோன்னு ஒரு சைட். கூகுள் அதுக்கு முறையா வழி தொறந்து விடுறதுக்கு முன்னாடியே! நம்ம க்ரைம் ரிப்போர்ட்டர் தெனம் ஸ்டேஷன் ஸ்டேஷனா ஏறி எறங்கி செய்யிற வேலைதானே அது. அப்புறம் பத்திரிகைத் துறைக்கு உதவுற நைட் ஃபவுண்டேஷன் குடுத்த 11 லட்சம் டாலர்ல, அதே மாதிரி எவ்ரிபிளாக்னு ஒரு சைட்ட பெருசா ஆரம்பிச்சாரு, அது கைமாறி 2013ல மூடுனாங்க. இப்போ சவுண்ட்ஸ்லைஸ்னு இசை கத்துக்கிற சைட் நடத்துறாரு, ஏன்னா மனுஷன் கிடாரிஸ்ட், ஜாங்கோங்கிற பேரே ஜாங்கோ ரைன்ஹார்ட்ங்கிற கிடார் மேதையோட பேருதான்.

எல்லாத்தையும் உம் கொட்டிக் கேட்டுட்டு நண்பர், "சரிப்பா, எங்க வீட்டு பிரிண்டர் ரெண்டு நாளா வேல செய்யல, ஞாயித்துக்கிழம வந்து பாக்குறியா"ன்னாரு.

போகணும்.