எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுதினவருக்குச் சொல்லுங்கள்

வெள்ளவத்தையில் ஃபோனில் சமையல் வீடியோ எடுத்துப் போடுகிற பொடியனுக்கு அதை எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த நிமிடத்தில் பாதியில் விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் தெரியும். யூடியூப் அவனுக்குக் காட்டிவிடுகிறது. உலகம் முழுக்க ஓடுகிற தொடரை எழுதினவருக்குப் பல வருடங்களாக இந்தக் கணக்குத் தெரியாது. என்ன நியாயம் இது?

2023 மே 2 தொடங்கி 148 நாட்கள் ஹொலிவூட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் ஆட்கள் பலர் அதை ஏஐ சண்டையாக மட்டும்தான் பார்த்தார்கள். அதுவும் இருந்தது, சரி. ஆனால் காசுச் சண்டையும் இருந்தது. பழைய தொலைக்காட்சியில் தொடரைத் திரும்பப் போட்டால் எழுதினவருக்கு ஒரு பங்கு போகும். நெட்பிளிக்ஸ் மாதிரி இணைய ஸ்ட்ரீமிங்கில் அது வருடத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாகிவிட்டது, ஊரே பார்த்தாலும் ஒருவருமே பார்க்காவிட்டாலும் அதே காசு. கூட்டிக் கேட்கலாம் என்றால் கையில் எண் வேண்டுமே, அது கொம்பனியிடம் பூட்டிக் கிடக்கிறது.

கடைசியில் வென்றது பாதிதான் என்பேன். உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் அளவுக்கு முதல் 90 நாட்களுக்குள் பார்த்தால், அந்த நிலையான தொகையில் 50 சதவீதம் போனஸ். உள்நாடு என்றால் அவர்களுடைய உள்நாடு, கொழும்பில் விடிய விடிய முழித்திருந்து பார்க்கும் நாங்கள் அந்த 20 சதவீதத்தில் சேர்த்தியே இல்லை! பார்த்த மணித்தியாலக் கணக்கும் எழுத்தாளர் சங்கத்துக்குத்தான் போகும், அதுவும் இரகசியம் காக்கும் நிபந்தனையோடு.

அந்த டிசெம்பரில் நெட்பிளிக்ஸ் தானே முன்வந்து 18,000க்கு மேற்பட்ட தலைப்புகளின் அரையாண்டுக் கணக்கை வெளியிட்டது. முதலிடத்தில் இருந்த தொடருக்கு 812 மில்லியன் மணித்தியாலம். நல்ல விஷயம்தான். ஆனால் எத்தனை பேர் முடிவுவரை பார்த்தார்கள், எந்தத் தொடருக்காகப் புதிதாகச் சந்தா கட்டினார்கள் என்பது அதில் இல்லை. பேரம் பேசத் தேவையானது அதுதானே.

பக்கத்து இந்தியாவில் 2012 பதிப்புரிமைத் திருத்தம் ஒரு நல்ல வேலை செய்தது: படம் தியேட்டரைத் தாண்டி வேறு வழியில் பயன்படும்போது கிடைக்கிற ரோயல்டியில் கதாசிரியருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. கையில் காசு வந்து சேருகிறதா என்பது வேறு கதை. ஆனாலும் சட்டத்தில் பிடி இருக்கிறது.

இங்கே நமக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. நடைமுறையில் பிரதியைக் கொடுத்தால் ஒரு காசோலை, அத்தோடு முடிந்தது. நான் ஒரு அலைவரிசைக்கு எழுதிக் கொடுத்த தீபாவளி நாடகம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி, பிறகு அவர்களுடைய யூடியூப்பிலும் ஏறி, இன்றைக்கும் விளம்பரத்தோடு ஓடுகிறது. பார்வை எண்ணிக்கை பகிரங்கமாகத் தெரிகிறது, அதனால் கிடைக்கும் வருமானம் மட்டும் எனக்குத் தெரியாது. கேட்டால், “தமிழ் நாடகத்துக்கு என்ன பெரிய வருமானம்” என்பார்கள். அப்படியென்றால் காட்டுவதில் என்ன பயம்?

அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முன்னர், மறுஒளிபரப்புக்கு எவ்வளவு, இணையத்தில் போட்டால் வருமானக் கணக்கைக் காட்டுவீர்களா என்று மட்டும் கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேறு ஆளைப் பிடிப்பார்கள், எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் தமிழில் பிரதி எழுதுகிறவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், சேர்ந்தே கேட்போம்.