கையெழுத்துக்கு மட்டும்தானா பெற்றோர்?

மும்பை தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண்ணைக் காலை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்? விடியும் முன்பே அடுப்பைப் பற்றவைத்தவர், அப்போதுதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். வரவில்லை என்றதும் "இந்தப் பெற்றோருக்கு அக்கறையே கிடையாது" என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 21ஆம் பிரிவு அரசு, மாநகராட்சி, உதவிபெறும் பள்ளிகளுக்கு மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். (உதவிபெறும் பள்ளி, சிறுபான்மைப் பள்ளி என்றால் 2012 திருத்தத்துக்குப் பிறகு ஆலோசனை சொல்வதோடு சரி.)

ஆனால் உயிர்நாடி 22ஆம் பிரிவுதான். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை இந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி அது மூன்று வருஷத் திட்டம். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், கூடுதலாக எத்தனை ஆசிரியர் வேண்டும், என்ன கட்டட வசதி, எவ்வளவு பணம் என்று எழுத வேண்டும். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பருக்குள்.

எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பதை ஆபீஸில் உட்கார்ந்து எழுதிவிட முடியுமா? எந்தக் குடும்பம் திருநெல்வேலிக்கே திரும்புகிறது, யார் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றப்போகிறார்கள், தாராவி மறுசீரமைப்பில் யாருக்கு எங்கே வீடு என்று கவலைப்படுகிறார்கள் என்பதெல்லாம் சந்துக்குள் இருக்கிற அக்காமார்களுக்குத்தான் தெரியும். எண்ணிக்கை தேய்ந்துவரும் தமிழ்வழி வகுப்புகளுக்கு இந்தக் கணக்கு உயிர்ப் பிரச்சினை. அவர்களிடம் கேட்காமல் எழுதி, கடைசியில் ரெஜிஸ்டரை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது திட்டமா?

சுற்றறிக்கை மராத்தியில் வருவதில் எனக்குச் சண்டை இல்லை, மாநில மொழி அது. படித்துத் தமிழில் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

ஆசிரியர்களைத் திட்டவும் எனக்கு மனமில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் வேலைக்கு அவர்களை அனுப்பச் சட்டமே இடம் தருகிறது. காலியிடத்தை நிரப்பச் சொல்லி ஒரு ஆசிரியர் தனியாக எழுதினால் அவருக்குத்தான் தலைவலி. பெற்றோர் குழு தீர்மானம் போட்டால் அதை அவ்வளவு சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது.

அப்புறம் நம் தமிழ்ச் சங்கங்கள், மன்றங்கள். ஜூனில் நோட்டுப்புத்தகம், ரிசல்ட் வந்ததும் பொன்னாடை, போட்டோ. நல்லதுதான். அதோடு மராத்தி நன்றாகப் படிக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவரை மாதம் ஒருமுறை கூட்டத்துக்கு அனுப்புங்களேன். கூட்டத்தையும் பள்ளி விடும் நேரத்துக்கு மாற்றுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக அம்மாக்கள் எப்படியும் கேட் வாசலில்தான் நிற்கிறார்கள்.