பாஸ் வாங்காதவர் எல்லாம் கஞ்சர் இல்லை

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு நான் தேடிக் கொடுக்கப் போவதில்லை. பாரிஸுக்குப் போய் மியூசியம் பாஸ் (ஒரே சீட்டில் பல மியூசியங்களுக்குள் போகலாம்) வாங்காதவர்கள் பணத்தைக் கரியாக்குகிறார்கள் என்கிறார் அதைப் போட்டவர். அது அவர் கருத்து, சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அதன் கீழே ஒருவர் என் பழைய பயணப் பதிவைக் காட்டி, "பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயும் கணக்குப் பார்த்த ஆள்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு இதயக்குறி போட்டவர்களில் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பாஸ் மோசம் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. யார் போகிறார்கள், எந்தக் கிழமையில் போகிறார்கள், எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று கேட்காமல் "வாங்கியே ஆகணும்" என்று சொல்வதுதான் தப்பு என்கிறேன். அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

வீடியோவில் அவர் போடும் கணக்கைப் பாருங்கள். பாஸில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அதில் பெரிய பெயர்களாக எடுத்து, ஒவ்வொன்றின் டிக்கெட் விலையையும் கூட்டி, பாஸ் விலையைக் கழித்து, "இவ்வளவு லாபம்" என்கிறார். போகாத இடத்தின் டிக்கெட் எப்படி ஐயா லாபக் கணக்கில் வரும்? பாஸ் இல்லாவிட்டாலும் காசு கொடுத்துப் போயிருப்பேன் என்று எந்த இடத்தைச் சொல்ல முடியுமோ, அதைத்தான் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் பலருக்கு மூன்று நான்கு இடம்தான் தேறும்.

அப்புறம் கிழமை. இதை அந்த வீடியோவில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓராஞ்சரி மியூசியமும் அப்படியே. ஓர்சே மியூசியம் திங்கட்கிழமை மூடியிருக்கும். வெர்சாய் அரண்மனையும் திங்கள் விடுமுறை. 48 மணி நேர பாஸ் என்றால் முதல் இடத்தில் ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து தொடர்ச்சியாக ஓடும். நீங்கள் தூங்கும் நேரமும் அதில் சேர்த்தி. திங்கட்கிழமை காலையில் தொடங்குகிறவர் முதல் நாள் ஓர்சேயும் வெர்சாயும் பார்க்க முடியாது, மறுநாள் லூவரும் ஓராஞ்சரியும் பார்க்க முடியாது. நவீன ஓவியங்களுக்குப் பேர்போன பொம்பிடு மையமோ 2025 செப்டம்பரில் சீரமைப்புக்காக மூடியாயிற்று, 2030 வரை திறப்பதாக இல்லை.

பாஸ் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாமாம். லூவர், வெர்சாய், சாந்த் ஷாப்பல் தேவாலயம், ஓராஞ்சரி எல்லாவற்றுக்கும் பாஸ் வைத்திருப்பவரும் நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் காசு இல்லை, ஆனால் இடம் தீர்ந்துவிட்டால் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு. ஈஃபில் கோபுரம் பாஸில் கிடையாது. நிலத்தடிக் கல்லறைச் சுரங்கம் கிடையாது. மெட்ரோ கிடையாது. படகுச் சவாரியும் கிடையாது. நோத்ர தாம் தேவாலயத்துக்குள் போக யாருக்கும் டிக்கெட்டே தேவையில்லை. பெத்தி பலே, கர்னவாலே என்ற இரண்டு மியூசியங்களிலும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் எல்லோருக்கும் இலவசம், இரண்டுமே அருமையான இடங்கள். இதையெல்லாம் சொல்லாமல் "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றால் என்ன நியாயம்?

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பாஸோடும் போயிருக்கிறேன். அக்கா குடும்பத்தோடு போனபோது பயண ஏஜென்ட் எல்லோர் தலையிலும் பாஸைக் கட்டிவிட்டார், அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து. இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு லூவரிலும் ஓர்சேயிலும் வெர்சாயிலும் எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அனுமதி இலவசம். லூவர் வாசலில் ஊழியர் பிள்ளைகளைப் பார்த்து, பாஸைப் பார்த்து, இவர்களுக்கு இது வேண்டாமே என்று கையசைத்துச் சொன்னபோது அத்தான் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. ஏஜென்டிடம் கேட்டதற்கு, வாங்கியது வாங்கியதுதான் என்றார். இந்தப் பணம் எந்த லாபக் கணக்கில் சேரும்?

பணம் போனதுகூடப் போகட்டும். பாஸ் கையில் இருந்ததால் அந்தப் பயணமே போட்ட காசை எடுக்கும் ஓட்டமாகிவிட்டது. (அத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) சாந்த் ஷாப்பலின் மேல்தளத்துக்கு ஏறினால் சுற்றிலும் பதினைந்து கண்ணாடிச் சன்னல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 மீட்டர் உயரம். 1248இல் திறப்புக் கண்ட கோயில் அது. சன்னல்களில் மொத்தம் 1113 காட்சிகள், பைபிள் கதை கீழிருந்து மேலாகப் போகும். அக்கா ஒரு சன்னலின் கீழ்க் கட்டத்தில் விரலை நீட்டி, மகளுக்கு ஒவ்வொன்றாகக் கதை சொல்ல ஆரம்பித்திருந்தாள். இரண்டாவது வரிசைக்குக்கூட வரவில்லை. "லூவர் ஸ்லாட் போயிடும், கிளம்புங்க" என்று அத்தான் கூப்பிட்டுவிட்டார். அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், குடும்பத்துக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவரை அப்படி விரட்டியது அந்த பாஸ்.

அதனால்தான் அம்மா அப்பாவோடு போனபோது வாங்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி. பாஸில் வெற்றி வளைவின் உச்சிக்குப் போகலாம் என்கிறார்கள், அதற்கு 284 படி. அதை அவர் கணக்கில் சேர்த்து நான் லாபம் பார்க்க வேண்டுமா?

நாளுக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொண்டோம். ஓராஞ்சரியில் ஓவியர் மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் இரண்டு முட்டைவடிவ அறைகளில் சுவரோடு வளைந்து போகும். எட்டுப் படங்கள், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 90 மீட்டர் நீளம், கூரையிலிருந்து பகல் வெளிச்சம் இறங்கும். மோனே 1926 டிசம்பரில் இறந்தார், மறுவருடம்தான் அந்த அறைகள் மக்களுக்குத் திறந்தன. அம்மா நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒரு பக்கம் பார்த்தார், பிறகு பெஞ்சிலேயே திரும்பி உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தார். "இதுல கரையே போடலியே, தண்ணி மட்டும்தான் இருக்கு" என்றார். அதைத் தானாகக் கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு. வெளியே மேகம் விலகி அறை வெளுத்ததும் "பாரு, நிறம் மாறுது" என்று அப்பாவின் கையைத் தட்டினார். போகலாம் என்று அவராகச் சொல்லும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

இந்தப் பயணத்தைத்தான் "கணக்குப் பார்த்தது" என்கிறார் அந்த நண்பர்.

சரி, பதில்களும் வரும், தெரியும். "இஷ்டம்போல் உட்கார்ந்திருக்க உங்களுக்கு நேரம் இருந்தது, எங்களுக்கு இரண்டே நாள்" என்பீர்கள். நியாயம். கால் வலுவாக, காலை முதல் இரவு வரை சுற்றத் தெம்பாக, சரியான கிழமையில், முன்பதிவெல்லாம் முடித்துக்கொண்டு போகிறவர் தாராளமாக வாங்கட்டும். அவருக்கு லாபம்தான். 2024இல் லூவர் டிக்கெட் 17 யூரோவிலிருந்து 22 ஆனது. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியிலிருந்து, அதாவது நம் ஊரிலிருந்தும், வருகிறவர்களுக்கு 32. தனி டிக்கெட் ஏற ஏறக் கணக்கு பாஸ் பக்கம் சாயும், அதை நான் மறுக்கவில்லை. போகும் வாரத்து விலையை வைத்துக் கூட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

"பாஸ் இருந்தால் சின்ன மியூசியத்தில் சும்மா நுழைந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு வரலாமே" என்று ஒரு தோழி கேட்டார். நல்ல கேள்வி. முன்பதிவு கேட்காத இடங்களுக்கு அது உண்மை, அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. ஆனால் ஓர் இடத்துக்கு ஒரு முறைதான் அனுமதி. காலையில் பார்த்தது பிடித்துப்போய் மாலையில் திரும்பி வந்தால் விடமாட்டார்கள்.

"அவ்வளவு தூரம் போய்விட்டுச் சில யூரோவுக்கு யோசிக்கலாமா" என்கிறவர்களுக்கு மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. அந்த யூரோவை நான் மிச்சம் பிடிக்கவே இல்லை. வெர்சாய்க்கு ரயிலில் அலைக்கழிக்க வேண்டாம் என்று வண்டி வைத்துக் கூட்டிப் போனேன். அது பாஸைவிட அதிகம் ஆனது. இதையெல்லாம் நான் ஏன் சபையில் கணக்கு ஒப்பிக்க வேண்டும்? பெற்றவர்களுக்குச் செய்ததை ரசீது காட்டி நிரூபிக்கும் நிலைமைக்கு ஒருவரைத் தள்ளுவது என்ன வகை நட்பு?

அடுத்த மாதம் வயதான மாமியாரோடும் பிள்ளைகளோடும் போவதாகச் சொல்லி இன்பாக்ஸில் கேட்ட தங்கச்சிக்கு: உங்கள் தேதியில் ஞாயிறு மாலை இறங்கி வியாழன் காலை கிளம்புகிறீர்கள். நடுவில் திங்களும் செவ்வாயும் வருகின்றன. லூவரையும் ஓர்சேயையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்காதீர்கள், வயதுச் சான்று கையில் இருக்கட்டும். பாஸ் உங்களுக்கு வேண்டாம்.

அந்த வீடியோவின் கீழே எழுதியவருக்கு: வீடியோ இருக்கட்டும், என் கருத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். என் அம்மா அப்பாவை இழுத்த அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அம்மாவும் முகநூலில் இருக்கிறார். நேற்று படித்துவிட்டு, "நான் ஏதாவது உங்கிட்ட குறை சொன்னேனாப்பா?" என்று என்னைக் கேட்டார்.